முக்குளிப்பான் கூடும் மடைக் கணக்கும்

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒரு குளத்துக்கு நேராக "முக்குளிப்பான் – 60" என்று எழுதிவிட்டு அடுத்த குளத்துக்குப் போய்விடுகிறோம். அந்த 60-இல் எத்தனை ஜோடி, எத்தனை ஜோடி கூடு கட்டும், கட்டியதில் எத்தனை பொரிக்கும், பொரித்ததில் எத்தனை குஞ்சு தேறும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் குளம் குளமாக எண்ணி வருகிறார்கள். இரண்டுமே பெரிய உழைப்பு. ஆனால் குளிர்காலத்தில் யார் யார் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. ஆண்டு முழுக்க நம் குளத்திலேயே கிடந்து, அங்கேயே முட்டையிடும் பறவைக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். அதை எப்படி வைப்பது என்று நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களை வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர் ஏரிக்கும் கண்மாய்க்கும் மாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முக்குளிப்பான் அரிய பறவை இல்லை. ஊரில் பலர் அதை ஏதோ வாத்துக்குஞ்சு என்றுதான் நினைக்கிறார்கள். ஆனாலும் கவனமாகப் பார்க்க வேண்டிய பறவை என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் கால்கள். உடம்பின் கடைக்கோடியில் அமைந்த கால்கள், விரல்தோறும் இதழ்போல விரிந்த தோல். தண்ணீருக்குள் அது மீனைப்போலப் போகும். தரையில் சரியாக நடக்கவே முடியாது. கொக்குக்குக் குளம் சரியில்லை என்றால் வயல் இருக்கிறது. முக்குளிப்பானுக்கு இரை, கூடு, குஞ்சு எல்லாமே தண்ணீர்தான். ஒரு பருவத்தில் குளத்தை நாம் எப்படி நடத்தினோம் என்பது அதன் குஞ்சுக் கணக்கில் அப்படியே தெரிந்துவிடும்.

இங்கே பிசானம் என்னும் மழைக்கால நெல் சாகுபடிக்காகக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஆற்றுக் கால்வாயிலும் நிறைகின்றன. நிறைந்த உடனே கூடு கட்டுவதில்லை. வேலம்பாசி மேலே வந்து, அல்லி இலை விரித்து, கோரையும் சம்பும் தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும். கூட்டைக் கட்டிப்போட ஏதாவது வேண்டுமே. அதனால் தண்ணீர் நின்ற மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை போகத் தொடங்குங்கள். கழிவுநீர் கலந்து ஆண்டெல்லாம் வற்றாத நகரக் குளங்களில் காலண்டரை நம்ப வேண்டாம். கன்னமும் தொண்டையும் செங்கல் நிறமாகி, வாயோரத்து வெளிர்மஞ்சள் பொட்டு 200 மீட்டரிலிருந்தே தெரிய ஆரம்பித்தால் பருவம் தொடங்கிவிட்டது. பருவம் இல்லாதபோது அதே பறவை மங்கிய பழுப்பாக இருக்கும். ஒவ்வொரு முறையும் எத்தனை பறவை நிறம் ஏறியிருக்கிறது என்று தனியாகக் குறித்துவையுங்கள்.

இனி நாள் கணக்கு. ஒரு கூட்டில் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டை. எல்லாம் இட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம். ஆணும் பெண்ணும் மாறி மாறி 20 முதல் 25 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க 44 முதல் 48 நாள் ஆகும். முதல் முட்டையிலிருந்து கூட்டினால் 70 முதல் 80 நாள். இந்த எண்ணைப் பையில் வைத்துக்கொண்டுதான் மடையைப் பார்க்க வேண்டும். ஆவியாவது மட்டும் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 75 நாளில் 37 சென்டிமீட்டர் போய்விடும். பாசனத்துக்குத் திறப்பது அதற்கு மேல். முழங்கால் ஆழத் தண்ணீரில் தை மாதக் கடைசியில் கூடு கட்டிய ஜோடிக்கு, மடை திறக்காவிட்டால்கூடக் கடைசிக் குஞ்சு தேறுவது இழுபறிதான்.

ஆகவே கூட்டுக் குறிப்பேட்டில் முதல் கட்டம் நீர்மட்டத்துக்கு. இதை விட்டுவிட்டு எடுத்த கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாதிதான் பேசும் என்பது என் உறுதியான எண்ணம். அளப்பது எளிது. மடைத்தூணின் தலைக்கல்லில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஈயக்குண்டு கட்டிய டேப்பைத் தண்ணீர் தொடும்வரை விட்டு அளவெடுங்கள். அலை இருந்தால் மூன்று முறை எடுத்து நடுவில் வருவதை எழுதுங்கள். தூணில் பெயிண்ட் அடிக்க நீர்வளத் துறையைக் கேட்க வேண்டும். டேப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. எப்போதும் அதே மூலை, அதே டேப்.

கூட்டடியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்கக் குளத்தில் இறங்க வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் வடியும்போது ஒவ்வொரு கோரைப் பொட்டின் அடித்தரையும் எந்த நாளில் வெளியே தெரிகிறது என்று பாருங்கள். அன்றைக்கு மடைத்தூணில் என்ன அளவோ அதுதான் அந்த இடத்தின் தரைமட்டம். தண்ணீரைவிட நல்ல மட்டப்பலகை கிடையாது. ஒரு கோடை இதைச் செய்துவிட்டால், அடுத்த பருவம் முழுக்க அந்தத் தரைமட்ட அளவிலிருந்து அன்றன்றைய தூண் அளவைக் கழித்தாலே எல்லாக் கூட்டின் ஆழமும் வந்துவிடும். வண்டல் அள்ளினால் மட்டும் மறுபடி எடுக்க வேண்டும்.

எண்ணும் வேலைக்கு வருவோம். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கில், தண்ணீர் பரவும் உள்வாய் மேற்கில். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் கன்னச் சிவப்பு பளிச்சென்று தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் தண்ணீர் கண்ணைக் கூசவைத்து எல்லாம் கறுப்புப் புள்ளியாகிவிடும். காலை 6:30 முதல் 8:30 வரை, காற்று எழும்புவதற்கு முன்பு. 8×42 பைனாகுலர் போதும். கூடு பார்க்க 20–60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் ஆடாத முக்காலியும் வேண்டும். பேனா வேண்டாம், பென்சில். கரையை 200 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பனை, மடை, கோயில் என்று நகராத அடையாளம் வையுங்கள். செல்போன் வரைபடம் இருந்தாலும் அடையாளம் அவசியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முக்குளிப்பான் கணக்கில் முதல் தவறு அதன் பெயரிலேயே இருக்கிறது. இரை தேடும்போது ஒரு முங்குக்கு 15 நொடி, சில சமயம் அதற்கும் மேல் தண்ணீருக்கடியில் கிடக்கும். மேலே வந்து சில நொடி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே. நீங்கள் ஸ்கோப்பை இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டினால் பாதிப் பறவை அடியில்தான் இருக்கும். முங்கிய இடத்திலும் எழாது. கோரையின் மறுபக்கத்தில் தலையை மட்டும் நீட்டும். அதனால் ஒரு துண்டை நிதானமாக மூன்று முறை, 10 நிமிட இடைவெளி விட்டு எண்ணுங்கள். மூன்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டவும் வேண்டாம், சராசரியும் வேண்டாம். ஒருவர் பார்க்க ஒருவர் எழுதினால் கண் தண்ணீரைவிட்டு அகலாது. நாமக்கோழி (நெற்றி வெளுத்த கறுப்பு நீர்ப்பறவை) கூட்டத்துக்கு நடுவே இருக்கும் முக்குளிப்பானைத் தனியாக ஒரு சுற்று பாருங்கள், அங்கேதான் அதிகம் தவறும்.

ஆண் பெண் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் தலைக்கணக்கை இரண்டால் வகுத்து ஜோடி என்று எழுதக் கூடாது. ஜோடி சேராத பறவைகளும் குளத்தில் உண்டு. ஜோடியைக் காட்டிக்கொடுப்பது குரல். இரண்டும் அருகருகே வந்து, குதிரை கனைப்பதைச் சன்னமாக்கி உருட்டிவிட்டாற்போல ஒன்றாகக் குரல் கொடுக்கும். அது கேட்ட இடத்தை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். தலையைத் தாழ்த்தித் தண்ணீர்மேல் ஓடி இன்னொன்றைத் துரத்துவது, அலகில் பாசி இழுத்துப் போவது இவையும் புள்ளிகள்தான். நாலைந்து வாரப் புள்ளிகளை ஒரே தாளில் ஏற்றினால் கொத்துக் கொத்தாகத் தெரியும். குறைந்தது 10 நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது புள்ளி விழுந்த கொத்து ஒரு ஜோடி. இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் இரு இடங்களில் கேட்டிருந்தால், எவ்வளவு நெருங்கியிருந்தாலும் அவை இரண்டு ஜோடி. செல்போனில் குரலைப் போட்டுக்காட்டி வரவழைக்க வேண்டாம். அடைகாக்கும் பறவை எழுந்து வந்துவிடும், கணக்கும் கெடும்.

கூட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அழுகிய பாசியும் கோரைத்தாளும் குவித்த ஈரக்குவியல் அது. சம்புத்தண்டிலோ முங்கிக் கிடக்கும் கருவேலங்கிளையிலோ மாட்டி மிதக்கும். தண்ணீருக்கு மேல் நாலு விரல் உயரம்கூட இராது. நாமக்கோழிக் கூடு இதைவிடப் பெரியது, உயரமானது, காய்ந்த தாளால் கிண்ணம்போல இருக்கும். முட்டையைப் பார்க்கவேண்டும் என்று நினைக்காதீர்கள், பறவையைப் பாருங்கள். ஆபத்து என்று தோன்றினால் அது எழுந்து நின்று, அலகால் இடமும் வலமும் பாசியை நாலைந்து இழுப்பு இழுத்து முட்டைமேல் போர்த்தும்; பிறகு சத்தமே இல்லாமல் தண்ணீரில் வழுக்கிப் போய்விடும். சில நொடிதான். போர்த்திய பின் பார்த்தால் ஒதுங்கிய குப்பை என்றே தோன்றும். வெள்ளையாக இட்ட முட்டை இந்த ஈரப்பாசி பட்டுப் பட்டுத்தான் நாளாக ஆகப் பழுப்பேறுகிறது. இந்தப் போர்த்தும் அசைவை ஸ்கோப்பில் கண்டுவிட்டால் ‘முட்டையுள்ள கூடு’ என்று உறுதியாக எழுதலாம்.

நாம் திடீரென்று கரையிலிருந்து இறங்கினால் அந்தச் சில நொடி அதற்குக் கிடைக்காது. போர்த்தாமல் ஓடும். திறந்து கிடக்கும் முட்டை காக்கைக்கு எட்டுமுன் வெயிலுக்கு எட்டிவிடும். அதனால் கரைமேலேயே நில்லுங்கள், மெதுவாக நடங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். போன பறவை 15, 20 நிமிடத்தில் திரும்பவில்லை என்றால் நாம்தான் அதிகம் நெருங்கிவிட்டோம். பின்வாங்கி இன்னும் தொலைவிலிருந்து பாருங்கள். கூடுகளையும் முட்டைகளையும் தொடுவதையும் சிதைப்பதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கூந்தன்குளம் போன்ற சரணாலயத்தில் பரிசல் இறக்கவே வனத்துறை அனுமதி வேண்டும்.

மிதக்கும் குவியலெல்லாம் கூடு என்று எண்ணுவது அடுத்த தவறு. ஒரே ஜோடி இரண்டு மூன்று மேடை கட்டும். இணைசேர ஒன்று, பாதியில் விட்டது ஒன்று, முட்டைக்கு ஒன்று. முட்டையைப் போர்த்துவதைக் கண்டிராவிட்டால், அடுத்தடுத்து இரண்டு வாரம் அடைகாக்கும் பறவை உட்கார்ந்திருந்தால்தான் கூடு. கரையில் வைத்த அடையாளங்கள் இங்கேதான் உதவும். ஆகாயத்தாமரைத் திட்டில் கட்டிய கூடு, காற்றடித்தால் திட்டோடு சேர்ந்து பயணம் போகும். போன வாரம் இரண்டாம் மடைக்கு நேரே இருந்த கூடு இந்த வாரம் 80 மீட்டர் தள்ளி இருக்கும். செல்போன் புள்ளியை மட்டும் நம்பினால் பழைய கூடு அழிந்தது, புதிய கூடு வந்தது என்று இரண்டு பொய் எழுதிவிடுவோம். திட்டின் வடிவத்தையும் ஒரு கோட்டோவியமாக வரைந்துவையுங்கள்.

குஞ்சு பொரித்த முதல் வாரம் எண்ணவே முடியாது. எல்லாம் அம்மா அப்பா முதுகில், இறகுக்குள். வரிவரியான சின்னத் தலை ஒன்று இறகை விலக்கி எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். பெரிய பறவை எழும்பிச் சிறகடிக்கும் வரை, அல்லது முங்கும் வரை காத்திருங்கள். அப்போது குஞ்சுகள் தண்ணீரில் உதிரும். அந்த ஒரு கணத்தில் எண்ணிவிட வேண்டும். வயதை மூன்று படியாக எழுதினால் போதும். முதுகேறும் குஞ்சு முதல் படி. பெற்றோரில் பாதி அளவு, தலையில் வரி, இரைக்காக விடாமல் கத்திக்கொண்டு பின்னால் நீந்துவது இரண்டாம் படி. முக்கால் அளவுக்கு மேல், தானாக முங்கி இரை எடுப்பது, ஆனால் கன்னத்தில் வரி இன்னும் மறையாதது மூன்றாம் படி. மூன்றாம் படியை எட்டியதைத்தான் ‘தேறியது’ என்று கொள்ளவேண்டும். ஒரு குடும்பத்தைப் பெற்றோர் பிரித்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாக மேய்ப்பதும் உண்டு. அது தெரியாவிட்டால் ஒரு குடும்பம் இரண்டாகிவிடும். அடுத்த கூட்டில் அடைகாக்கத் தொடங்கிய ஜோடியின் முந்தைய குஞ்சுகள் அனாதையாகத் தெரியும்.

பருவ முடிவில் வெற்றி விகிதம் போடும்போது எல்லாரும் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 20 கூடு பார்த்தோம், 14 பொரித்தது, ஆக 70 விழுக்காடு என்று எழுதத் தோன்றும். ஆனால் நாம் கண்டுபிடிக்குமுன்பே அழிந்துபோன கூடுகள் அந்த 20-இல் இல்லையே. தாமதமாகக் கண்ட கூடு ஏற்கெனவே பாதி ஆபத்தைத் தாண்டிய கூடு. இதைச் சரிசெய்ய அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்டு மேஃபீல்டு 1961-இல் ஒரு வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதே, கூடு நம் கண்ணில் இருந்த நாட்களை எண்ணு. கணக்குக்காக ஓர் உதாரணம். அந்த 20 கூடுகளும் அடைகாப்பில் நம் பார்வையில் இருந்தது மொத்தம் 240 நாள், அழிந்தது 6. ஒரு நாளைக்கு அழியும் வாய்ப்பு 6 வகுத்தல் 240, அதாவது 0.025, பிழைக்கும் வாய்ப்பு 0.975. அடைகாப்பு 25 நாள் என்றால் 0.975-ஐ 25 முறை பெருக்க வேண்டும். வருவது 0.53. எழுபது என்று நினைத்தது ஐம்பத்துமூன்று! இரண்டு வருகைக்கு நடுவில் அழிந்த கூட்டுக்கு, இடைப்பட்ட நாளில் சரிபாதியைக் கணக்கில் சேருங்கள். வார வருகை தவறினால் இந்த ஊகம் தளர்ந்துபோகும். 10 நாளுக்கு மேல் இடைவெளி விடவே கூடாது.

அழிந்த கூட்டுக்கு எதிரே ‘அழிவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், காரணத்தின் தடயம் எழுதுங்கள். நீர்மட்ட ஏட்டைப் பக்கத்தில் வைத்தால் பாதிக் காரணம் தானாக விளங்கும். கூடு மிதக்கும் என்றாலும் தண்டோடு இறுக மாட்டியிருந்தால் ஒரே இரவில் குளம் பெருகி மறுகால் பாயும்போது மேலெழாமல் முங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதே, அப்படி ஓர் ஆண்டை மற்ற ஆண்டோடு சேர்த்துச் சராசரி போடக் கூடாது. நேர்மாறாகத் தண்ணீர் இறங்கினால் கூடு சேற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு நாயும் கீரியும் நடந்தே வரும். காக்கையும் செம்பருந்தும் எடுத்தால் கூட்டின் அமைப்பு கலையாமல் முட்டை மட்டும் இல்லாமல் போயிருக்கும். குவியலே சிதறியிருந்தால் நாய், மாடு, மனிதக் கால் ஆகியவற்றை முதலில் நினையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை நரம்பு வலை. முங்கி இரை தேடும் பறவைக்குத் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத நைலான் வலையைப்போலக் கொடியது வேறில்லை. சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். மேலே யாருக்கும் தெரியாது. மடகாஸ்கரின் அலவோத்ரா ஏரி ஆழமில்லாத, நாணல் அடர்ந்த நீர்நிலை. நம் முக்குளிப்பானின் நெருங்கிய உறவான அலவோத்ரா முக்குளிப்பான் அங்கே இருந்தது. 1980-களுக்குப் பிறகு அது உறுதியாகக் காணப்படவில்லை; 2010-இல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள், நைலான் வலை, வாழிட அழிவு, சாதாரண முக்குளிப்பானோடு இனக்கலப்பு இவை சேர்ந்து அதை முடித்தன. முதல் இரண்டும் நம் குளங்களிலும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் வலை எத்தனை, எந்தத் துண்டில், எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். குளத்தை மீன் குத்தகை எடுத்தவரிடம் சண்டை வேண்டாம். வரைபடத்தைக் காட்டி, கூடுள்ள கோரைப் பொட்டைச் சுற்றி 30 மீட்டர் மட்டும் வலை தவிர்க்கக் கேளுங்கள். அந்தச் செடியடர்ந்த இடத்தில் வலை கிழியும் என்பது அவருக்கும் தெரியும். நீர்ச்செடி தின்னும் புல்கெண்டை மீன்குஞ்சு விடும் குளமானால் அதையும் குறியுங்கள். பாசி போனால் கூட்டுக்குச் சரக்கும் போகும், பூச்சி இரையும் போகும்.

ஆகாயத்தாமரையை அகற்றுவது நல்லது, அதில் மறுபேச்சில்லை. குளத்தை முழுக்க மூடிவிட்டால் முக்குளிக்கவே இடமிராது. ஆனால் கூடு இருக்கும் மாதத்தில் பொக்லைன் இறங்கினால் கரையோரக் கோரையும் சேர்ந்தே போய்விடும். குளம் வற்றும் வைகாசி, ஆனி ஏற்றது. தள்ளிப்போட முடியாவிட்டால், கூடுள்ள துண்டுகளைக் கடைசியாக எடுக்கச் சொல்லி வரைபடத்தோடு எழுதிக்கொடுங்கள். மடை பார்ப்பவரிடமும் இதே வழிதான். தண்ணீர் விவசாயிக்கு உரியது, அதை நிறுத்தச் சொல்ல நமக்கு வாயில்லை. நாலு நாளில் இறக்குவதைப் பத்து நாளில் இறக்க முடியுமா என்று கேட்கலாம். கூடு மெல்ல இறங்கும் தண்ணீரோடு தானும் இறங்கும்; பெற்றோர் புதுப்பாசி இழுத்துப் போட்டுச் சரிசெய்துகொள்ளும்.

கடைசியாக, பங்குனி வெயிலில் எண்ணிக்கை திடீரென்று பாதியாகும். பதறி ‘இழப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். குளம் சுருங்கினால் முக்குளிப்பான்கள் இரவோடு இரவாகப் பறந்து அடுத்த தண்ணீருக்குப் போய்விடும். அதே வாரத்தில் சுற்றுவட்டத்தில் தண்ணீர் மிஞ்சிய குளங்களை ஒரு நடை பார்த்துவிடுங்கள். அங்கே கன்னத்தில் வரி மறையாத பறவைகள் எத்தனை என்று தனிக்கட்டத்தில் எழுதுங்கள். பறக்க முடியாத இரண்டாம் படிக் குஞ்சுகள் மட்டும் பழைய குளத்தின் நடுக்குழியில் மிஞ்சியிருக்கும். அந்தக் குழியில் தண்ணீர் இருக்கும்வரை வாரம் ஒருமுறை போய்வாருங்கள். அது வற்றும் நாள்தான் அந்தப் பருவத்தின் கடைசி வரி.